குதிரை முட்டையும் மத்திகிரிப் பண்ணையும்

ஓசூரிலிருந்து மத்திகிரிக்கு வரும்போது கடைகளும் மாடி வீடுகளும் சட்டென்று நின்றுபோய் ஒரு நீண்ட வேலி தொடங்கும். வேலிக்கு அப்பால் புல்தரை, வயதான மரங்கள், தலை நிமிராமல் மேயும் மாடுகள். ஊரார் வாயில் அது ‘கேட்டில் ஃபார்ம்’. அரசு ஏட்டில் மாவட்டக் கால்நடைப் பண்ணை, பரப்பு 1,600 ஏக்கருக்கு மேல். இன்று மாட்டுக்குப் பேர்போன இந்த இடம் 1824இல் தொடங்கியது மாட்டுக்காக அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக. அதே மத்திகிரியில் இப்போது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி நடக்கிறது. கோழியையும் முட்டையையும் பட்டப் படிப்பாகவே அங்கே படிக்கலாம்.

குதிரை ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் நினைவில் வந்து நிற்பார்கள். வீரமாமுனிவர் எழுதிய அந்தக் கதைகள் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் நூலாக அச்சேறியது 1822இல். பண்ணை தொடங்கியது அதற்கு 2 ஆண்டுகள் கழித்து. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கதை எதைக் கண்டு சிரிக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

முதலில் கதை. ஆற்றைக் கடப்பதற்குள் படாத பாடு பட்ட குரு, இனி நடந்து கட்டுப்படியாகாது, ஒரு குதிரை வேண்டும் என்று முடிவு செய்கிறார். விலை கேட்டால் ஐம்பது பொன், நூறு பொன் என்கிறார்கள். மடத்துக்கு எட்டாத விலை. இந்த நிலையில் சீடர்கள் ஒரு தோட்டத்தில் பெரிய பெரிய பூசணிக்காய்களைப் பார்க்கிறார்கள். தோட்டக்காரன் அவை குதிரை முட்டை என்கிறான், ஒன்று ஐந்து பொன். வாங்கித் தலையில் சுமந்து வருகிறார்கள். வழியில் மரக்கிளை இடித்து முட்டை கீழே விழுந்து உடைகிறது. புதருக்குள் பதுங்கியிருந்த முயல் ஒன்று அரண்டு பாய்ந்து ஓடுகிறது. குட்டி வெளியே வந்துவிட்டது என்று விழுந்தடித்துத் துரத்துகிறார்கள், பிடிக்க முடியவில்லை. சேதி கேட்ட குருவுக்கு நிம்மதி. பிறந்த உடனே இந்த ஓட்டம் ஓடுகிற குதிரை வளர்ந்தால் கிழவன் நான் எப்படி அதன்மேல் உட்காருவேன், போன பணம் போகட்டும் என்கிறார்.

இதை அறிவில்லாதவர்கள் கதை என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குருவின் கடைசிப் பேச்சைக் கவனியுங்கள். குட்டியே இந்த வேகம், வளர்ந்தால் எந்த வேகம், ஏறுகிறவன் வயது என்ன? கணக்கில் ஒரு பிசகும் இல்லை. வணிகம் தெரிந்த எவரும் இதே கணக்கைத்தான் போடுவார். முட்டை என்ற முதல் படி மட்டும் தப்பு. அதன்மேல் அடுக்கிய படிகள் எல்லாம் நேர்த்தி.

அந்த முதல் தப்பும் அப்படி நம்ப முடியாததா? தமிழ் நிலத்தில் குதிரை பிறந்த விலங்கு அல்ல, வாங்கிய விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் குதிரைக்கு வாரி இறைத்த பணத்தையும், வந்த குதிரைகள் நெடுநாள் தாங்காமல் மடிந்ததையும் எழுதி வைத்தார். நம் பக்தி இலக்கியத்தின் மிகப் பெரிய குதிரை பேரமும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் கோயில் பணியில் செலவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைக்க, இரவில் அவை மறுபடி நரிகளாகி லாயத்தைக் கலக்குகின்றன. அங்கே நரி, இங்கே முயல். குதிரைக்குக் காசு கொடுத்தவன் கையில் குதிரை தங்குவதேயில்லை. குட்டி போடுவதை யாரும் பார்த்திராத விலங்கு அது. மிக அரிதான ஒன்றை இன்றைக்கும் நாம் ‘குதிரைக் கொம்பு’ என்கிறோம். கொம்பு முளைக்கலாம் என்றால் முட்டையும் இடலாம்.

இந்தப் பின்னணியில் மத்திகிரிப் பண்ணையை நினைத்துப் பாருங்கள். கம்பெனிக்கும் அதே தலைவலிதான். குதிரை வேண்டும், விலை கட்டவில்லை. அதற்கு அவர்கள் தேடிய வழி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்றும் புல்லும் உள்ள இந்த மேட்டு நிலத்தில் குதிரையை வளர்ப்பது. மாட்டுக்கு மாறியது பின்னாளில். சிவப்பு சிந்தி மாடு வளர்த்த பண்ணை என்றால் கால்நடைத் துறையில் பழகியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்.

கதையை எழுதியவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கிய சேசு சபைத் துறவி. தேம்பாவணி பாடியவர், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம் செய்தவர், சதுரகராதி தொகுத்தவர். பேச்சுத் தமிழுக்கும் தனியே இலக்கணம் எழுதினார். பரமார்த்த குரு கதை அந்தப் பேச்சுத் தமிழின் நடையில் எழுந்தது. வெளியூர்ப் பாதிரிமார் மக்களின் தமிழைப் பழகிக்கொள்ள அது பாடநூலாகவும் உதவியது. செந்தமிழில் காப்பியம் பாடிய கை இப்படி ஒரு உரைநடையையும் எழுதியது என்பதே எனக்குத் தீராத வியப்பு.

மடாதிபதிகளைக் கேலி செய்ய அவர் கட்டிய கதை இது என்று ஒரு வாசிப்பு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு மதத்தின் பிரசாரகர் இன்னொரு மதத்தின் குருவை மையத்தில் நிறுத்திச் சிரிக்கிறார், அதில் உள்நோக்கம் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. கேலிக்கு ஆளான சமூகமே 200 ஆண்டுகளாக அந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பது ஏன்?

விடைக்கு நான் தொல்காப்பியத்துக்குப் போகிறேன். மெய்ப்பாடு எட்டில் முதலாவது நகை. அது நான்கு இடங்களில் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கடைசி இரண்டும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும். பழைய உரைகாரர்கள் அவற்றைக் கவனமாகப் பிரித்திருக்கிறார்கள். பேதைமை என்றால் அறியாமை. மடன் என்றால் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் இருப்பது. தெரியாதவனைப் பார்த்து வரும் சிரிப்பு வேறு, பாடத்தை அட்சரம் பிசகாமல் கேட்டுக்கொண்டவனைப் பார்த்து வரும் சிரிப்பு வேறு. குருவின் சீடர்கள் பெயர் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரில் பேதைமையும் மடமையும் கலந்து கிடந்தாலும் கதைகளை உந்தித் தள்ளுவது மடன்தான்.

இதற்குச் சான்று குருவின் பட்டியல். ஒருவழியாக ஒரு கிழட்டுக் குதிரை இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. அதற்குமுன் அய்யனார் கோயில் மண்குதிரையின் நிழல் குளத்தில் ஆடுவதைக் கண்டு, அரிவாளைத் தூண்டிலாக்கி, தலைப்பாகையைக் கயிறாக்கி, சோற்று மூட்டையை இரையாக்கித் தண்ணீருக்குள் குதிரை பிடிக்கப் பார்த்தது தனிக் கதை. கிடைத்த குதிரைமேல் குரு போகும்போது மரக்கிளை தட்டித் தலைப்பாகை விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே! குரு கடிந்துகொண்டு, கீழே விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார். அடுத்துக் குதிரை சாணி போடுகிறது. அதையும் பயபக்தியோடு தலைப்பாகையில் ஏந்தி எடுக்கிறார்கள். பதறிப்போன குரு, எதை எதை எடுக்கலாம் என்று ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்து வாசித்து, தலைப்பாகை முதல் வேட்டி வரை ஒன்றொன்றாக எடுக்கிறார்கள். குரு வெற்றுடம்போடு சேற்றில் கிடக்கிறார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. ஓலையையும் எழுத்தாணியையும் வாங்கி, கிடந்தபடியே, என்னையும் எடுக்கவும் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

முழுத் தமிழ் உரைநடையில் இதைவிடக் கச்சிதமான நகைச்சுவைக் காட்சி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் தப்பு நடக்கிறது, ஒவ்வொரு முறையும் அதைத் திருத்த ஒரு கட்டளை வருகிறது, அந்தக் கட்டளையிலிருந்தே அடுத்த தப்பு பிறக்கிறது. சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. தோல் பெட்டி மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வணிகன் சொல்லிவிட்டுப் போகிறான். வேலையாட்கள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்துகிறார்கள். பெட்டி நனையவில்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிருள்ள ஒன்றின்மேல் இயந்திரத்தனம் படியும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அவர் கண்டது. மடன் என்ற ஒரு சொல்லுக்குள் நம்மவர்கள் வைத்ததும் ஏறக்குறைய அதுதான், என்ன, அவர்கள் இயந்திரம் பார்த்ததில்லை.

ஓசூர் இயந்திரம் பார்த்த ஊர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த பத்தாண்டில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் வந்து சேர்ந்தன. குதிரை வாங்க வழியில்லாத குடும்பங்களுக்கென்று 1980இல் ஒரு சின்ன இரண்டு சக்கர வண்டி, டிவிஎஸ் 50, இங்கிருந்துதான் புறப்பட்டது. இந்தப் பக்கத்து வேலையாட்கள் நாள் முழுவதும் புழங்குவது எழுதிவைத்த கட்டளைகளோடு. மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிய தாள், எண் போட்ட படிகள், கீழே கையெழுத்து.

பல வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பத்தொன்பது வயது இருக்கும், ஒரு பிரஸ் மெஷினில் நின்றான். தாளில் ஏழாவது படி: பெட்டி நிறைந்ததும் பட்டனை அழுத்தவும், சிவப்பு விளக்கு எரியும். அன்று பல்பு ஃபியூஸ். பெட்டி நிறைந்தது. பையன் பட்டனை அழுத்தினான், விளக்கு எரியவில்லை. இடது கையால் பட்டனை அழுத்திக்கொண்டே வலது கையால் வேலையைத் தொடர்ந்தான். வாஷர்கள் பெட்டி வழிந்து தரையில் விழுந்து, அவன் செருப்பைச் சுற்றிக் குவிந்து, வெள்ளிக் காசுபோல மின்னிக்கொண்டிருந்தன. லைன் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“ஏன்டா நிறுத்தலை?”

“விளக்கு எரியலைண்ணா.”

“எரியலைன்னா நிறுத்த வேண்டியதுதானே?”

“நிறுத்தணும்னு எழுதலையேண்ணா.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். பிறகு அந்தத் தாளை நான் நிதானமாக வாசித்துப் பார்த்தேன். பதினொரு படிகளில் எங்கேயும் நிறுத்து என்ற சொல் இல்லை. பையன் சொன்னது சரி. மறுவாரம் புதுத் தாள் ஒட்டினார்கள், பன்னிரண்டு படிகளோடு. என்னையும் எடுக்கவும் என்று குரு எழுதிச் சேர்த்த அந்த ஒரு வரி, பன்னிரண்டாவது படியாக வந்து நின்றது.

அன்று சிரித்ததற்காக நான் இன்றும் வருந்துகிறேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், எழுதியதைத் தாண்டி எதுவும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவன் அதைப் பற்றிக்கொண்டான். தொழிற்சங்கங்கள் இதையே ஆயுதமாகவும் எடுத்திருக்கின்றன. விதிப்படி வேலை என்ற போராட்டத்தில் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. விதியில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி விடாமல் செய்வார்கள், அதிலேயே வேலை தேங்கிவிடும். எந்த ஆலையும் எழுதிய விதியால் மட்டும் ஓடுவதில்லை, எழுதாத ஆயிரம் சமயோசிதத்தால் ஓடுகிறது. பரமார்த்த குருவின் ஓலை நமக்குக் காட்டித் தருவது அதைத்தான். அதனால்தான் அதைப் பிள்ளைகள் புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன்.

இன்னொரு கதைக்கும் இங்கே இடம் தந்தாக வேண்டும், அது ஆறு கடக்கும் கதை. ஆறு தூங்குகிறதா என்று பார்க்க, குரு சுருட்டுப் பற்றவைத்த கொள்ளிக்கட்டையைச் சீடன் ஒருவன் தண்ணீரில் தொட்டுப் பார்க்கிறான். சுர்ரென்று சத்தம், புகை. ஆறு விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். ஒருவழியாக அக்கரை சேர்ந்த பின் தலையை எண்ணுகிறார்கள். ஆறு பேர் இருக்க வேண்டும், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஆற்றுக்குப் பலி போய்விட்டது என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து முதுகில் ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் காட்டும்வரை அழுகை ஓயவில்லை.

இதே கணக்கு இங்கிலாந்தின் கோதம் ஊரார் கதையிலும் வருகிறது. கிளவுஸ்டன் 1888இல் எழுதிய மடையர் கதைத் தொகுப்பு நூலில் கோதமும் பரமார்த்த குருவும் ஒரே புத்தகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் பெஸ்கி இதை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார் என்று சிலர் எளிதாக முடித்துவிடுவார்கள். நான் ஏற்கவில்லை. பெஸ்கிக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கதை அத்வைதிகளின் கையில் இருந்தது. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள், எண்ணினால் ஒன்பது, பத்தாமவன் நீயே என்று ஒருவர் சொல்லித் தெளிய வைக்கிறார். ஆதிசங்கரரின் உபதேச சாஹஸ்ரீயிலும், 14ஆம் நூற்றாண்டின் பஞ்சதசியிலும் ஆன்ம ஞானத்துக்கு இதுவே உவமை. 20ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியும் இதை எடுத்துச் சொன்னார். பரமார்த்தம் என்பதும் வேதாந்தத்தின் சொல். பெஸ்கி அந்தச் சொல்லைக் குருவுக்குப் பெயராக வைத்து, பத்தாமவன் கதையை முதல் கதையாக வைத்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஞானத்தின் உவமையையே அவர் நகைப்பாகத் திருப்பிப் போட்டார். திருப்பிப் போட்ட பிறகும் உவமை உடையவில்லை. சிரித்துவிட்டு யோசித்தால், எண்ணும்போது தன்னை விட்டுவிடாதவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எல்லைப் பகுதியில் வாழ்வதால் எனக்குக் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும். தெலுங்கு வீடுகளில் நம் குரு பரமானந்தய்யா ஆகிவிடுவார். 1966இல் என்.டி. ராமாராவ் நடித்து வந்த படத்துக்கே ‘பரமானந்தய்ய சிஷ்யுல கத’ என்றுதான் பெயர். ஒருவர் சொன்னது அபத்தம் என்றால் தெலுங்குக்காரர் ‘காடித குட்டு’ என்று ஒரே போடாகப் போடுவார். கழுதை முட்டை என்று பொருள். பெங்களூர்ப் பக்கத்து லாரி ஓட்டுநர் டீ கிளாஸை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் “ஏன் குரு” என்று பேச்சைத் தொடங்குவார். அந்தக் கன்னடப் பேச்சில் குரு என்றால் நண்பா என்று அர்த்தம். குருவும் முட்டையும் இப்படித் தினமும் காதில் விழுகிற ஊர் இது.

கதை எட்டோடு முடிகிறது. கிளையின் நுனியில் உட்கார்ந்து அடியை வெட்டிய சீடன், விழப்போகிறாய் என்று சொன்ன பிராமணரைத் தீர்க்கதரிசி என்று நம்பி, குரு எப்போது சாவார் என்று ஆரூடம் கேட்டு வருகிறான். உட்காரும் இடம் குளிர்ந்தால் உயிர் போகும் என்கிறார் அவர். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டதுதான் கடைசியில் குருவின் சாவில் போய் முடிகிறது. நான் சிறுவயதில் படித்த புத்தகத்தில் இந்த முடிவு இல்லை. வெட்டியிருந்தார்கள். அது தவறு என்பேன். பற்றியதை விடாமை எங்கே போய் நிற்கும் என்று எழுதியவரே காட்டியதை, பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று மறைக்கத் தேவையில்லை.

பயப்பட மாட்டார்கள் என்பதை நானே பார்த்தேன். எங்கள் தெருவில், பண்ணை வேலியை ஒட்டிய வீட்டில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளுடைய அவ்வா அவளோடு தெலுங்கில் பேசுவார், அவள் தமிழில் பதில் சொல்வாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், மின்சாரம் போயிருந்த நேரத்தில், அவளுக்கு எட்டுக் கதையையும் சொன்னேன். குரு செத்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அழவில்லை.

“தாத்தா, அந்தக் குதிரைக் குட்டி என்னாச்சு?”

“அது முயல்மா. குதிரைக் குட்டி இல்லை.”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்கு அது குட்டிதானே? ஓடிப்போச்சு, யாரும் பிடிக்கலை. அப்போ எங்கேயோ வளர்ந்திருக்கும்ல?”

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் எழுந்து திண்ணையின் ஓரத்துக்குப் போய், இருட்டத் தொடங்கியிருந்த வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

“இதுக்குள்ளதான் வந்திருக்கும். நிறையப் புல் இருக்கு.”